மருந்தின் அளவை முடிவுசெய்யும் வேலை: பார்மகோகைனெடிக்ஸ் துறைக்குள் வர விரும்புபவர்களுக்கு

மாத்திரை அட்டையின் பின்புறம் 'காலை 1, இரவு 1' என்று மருந்துக்கடைக்காரர் பேனாவால் எழுதித் தருகிறார். அந்த இரண்டு 'ஒன்று'களுக்குப் பின்னால் ஒரு துறையே இருக்கிறது. ஏன் மூன்று வேளை இல்லை? ஏன் 500 மில்லிகிராம், 250 போதாதா? சிறுநீரகம் பழுதானவருக்கு ஏன் பாதி? பச்சைக் குழந்தைக்கு எடைக்கணக்கு மட்டும் பார்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு எண்களில் பதில் சொல்வதுதான் பார்மகோகைனெடிக்ஸ். துறைக்குள் எல்லோரும் 'பி.கே.' என்றே சொல்வோம். உடம்புக்குள் போன மருந்தை உடம்பு எப்படி உறிஞ்சுகிறது, எங்கெங்கே பரப்புகிறது, எப்படி மாற்றுகிறது, எப்படி வெளியேற்றுகிறது என்பதுதான் எங்கள் கவலை முழுவதும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு மருந்தின் கதையை முழுதாகப் படியுங்கள்

பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, அதன் அளவு எப்படி முடிவானது என்று கடைசிவரை தேடிப் படியுங்கள். நான் எப்போதும் சொல்வது ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை. நம் ஊரில் நடந்த கதை.

சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956இல் காசநோய் கீமோதெரபி மையம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து ஏற்படுத்தியது. நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்ததற்கு ஈடான பலன் கிடைக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. அந்த ஆய்வு பலருக்கும் தெரியும். அதே இடத்தில் நடந்த ஐசோனியசிட் ஆய்வுகளை பி.கே. படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐசோனியசிட்டைக் கல்லீரல் அசிடைலேஷன் என்ற வேதிமாற்றத்தின் மூலம் செயலிழக்கச் செய்கிறது. சிலருக்கு இது வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. பிறவியிலேயே வரும் வேறுபாடு இது. இன்று நாட்2 என்ற மரபணுவோடு சேர்த்துப் பேசுகிறோம். வேகமானவர்களிடம் மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும், மெதுவானவர்களிடம் மூன்று மணி நேரத்தை ஒட்டி. சென்னையில் சோதித்த தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினர் மெதுவான வகை. ஜப்பானியரிடம் அது சுமார் 10 விழுக்காடுதான்.

இதனால் சிகிச்சை மாறுமா என்பதுதான் கேள்வி. தினமும் மருந்து கொடுத்தால் இரு வகையினருக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தோடு சேர்த்து வாரம் இருமுறை அதிக அளவில் கொடுத்தபோதும் இரு வகையினரும் நன்றாகத் தேறினார்கள். வாரம் ஒருமுறை என்று இடைவெளியை நீட்டியபோது வேறுபாடு வெளியே வந்தது. வேகமாகச் செயலிழக்கச் செய்பவர்களிடம் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்கு வேறு தொல்லை: மருந்து அதிக நேரம் தங்குவதால் கை கால் நரம்பு பாதிப்பு அவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தது. அதற்கு வைட்டமின் பி6 கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரே மாத்திரை, ஒரே மில்லிகிராம். ஆள் மாறினால் கதை மாறுகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறோம் என்பது மாறினால் மறுபடியும் மாறுகிறது. இந்த ஒரு கதையைச் சரியாக உள்வாங்கிக்கொண்டால் பி.கே.யின் முக்கால்வாசிக் கேள்விகள் உங்கள் கையில் வந்துவிடும்.

இரண்டாவதாகப் படிக்க குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் பச்சிளம் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்தன. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை குளுக்குரோனைடாக மாற்றும் திறன் இன்னும் வரவில்லை, சிறுநீரகமும் முதிரவில்லை. மருந்து தேங்கிக்கொண்டே போனது. பெரியவர்களின் அளவை எடைக்கு வகுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்ததற்குக் கொடுத்த விலை அது.

இரண்டாம் வேலை: கையால் போடுங்கள்

ஒரு வரைபடத் தாள், பென்சில், சாதாரண கால்குலேட்டர் போதும். ஒருவருக்கு 100 மில்லிகிராம் மருந்தை நேரடியாக ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அளவு, ஊசி போட்ட உடனே லிட்டருக்கு 5 மில்லிகிராம். 2 மணி நேரத்தில் 3.54; 4 மணி நேரத்தில் 2.5, 8 மணி நேரத்தில் 1.25, 12 மணி நேரத்தில் 0.625.

பார்த்தவுடனே தெரிகிறது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அரை ஆயுள் 4 மணி. 0.693ஐ 4ஆல் வகுத்தால் 0.173, மணிக்கு இந்த விகிதத்தில் வெளியேறுகிறது. 100ஐ 5ஆல் வகுத்தால் 20 லிட்டர். மருந்து பரவியிருக்கும் கொள்ளளவு அது. இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 3.47 லிட்டர். அதுதான் கிளியரன்ஸ்: ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ரத்தத்திலிருந்து மருந்து முழுதாக அகற்றப்படுகிறது என்ற கணக்கு.

இப்போது இன்னொரு வழியில் வாருங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைச் சரிவகம் சரிவகமாகக் கூட்டுங்கள். 8.54, 6.04, 7.5, 3.75, கூட்டினால் 25.83. பன்னிரண்டு மணிக்குப் பிறகு மிஞ்சும் வால், 0.625ஐ 0.173ஆல் வகுக்க, 3.61. மொத்தம் 29.44. இதைத்தான் ஏ.யூ.சி. என்கிறோம். 100ஐ இதனால் வகுத்தால் கிளியரன்ஸ் 3.40 வருகிறது.

முதல் வழியில் 3.47, இரண்டாம் வழியில் 3.40. ஏன்? இந்த இடத்தில் நின்று யோசிக்காத மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கும் வளைவு உள்நோக்கிக் குழிந்திருக்கிறது. நாம் போட்ட நேர்க்கோடு அதற்கு மேலே போகிறது. அதனால் பரப்பு கொஞ்சம் கூடிவிட்டது. நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரையிலான துண்டில் மட்டும் நேர்க்கோட்டுக் கணக்கு 7.5, லாக் முறையில் போட்டால் 7.2. மென்பொருளில் 'லீனியர் அப், லாக் டவுன்' என்று ஒரு தேர்வு இருக்கும். அது எதற்கு என்று கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, வந்த எண்ணை உடம்போடு ஒப்பிடுங்கள். கல்லீரலுக்கு மணிக்குச் சுமார் 90 லிட்டர் ரத்தம் போகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் மணிக்குச் சுமார் 7 லிட்டர் வடிகட்டுகிறது. நம் மருந்தின் 3.4 இவற்றின் பக்கத்தில் எங்கே நிற்கிறது? கல்லீரல்தான் அகற்றுகிறது என்றால், போகிற ரத்தத்தில் மிகச் சிறிய பங்கிலிருந்து மட்டுமே அது மருந்தை எடுக்கிறது. அப்படியானால் கல்லீரலுக்கான ரத்த ஓட்டம் குறைந்தாலும் பெரிய பாதிப்பு இராது. நொதியின் வேலையைத் தடுக்கும் இன்னொரு மருந்து வந்தால் பாதிப்பு வரும். ஒரே ஒரு வகுத்தல் கணக்கு இவ்வளவு சொல்கிறது.

அரை ஆயுளையே அடிப்படை என்று பலர் பிடித்துக்கொள்கிறார்கள். அது கொள்ளளவும் கிளியரன்ஸும் சேர்ந்து தரும் விளைவு. ஒரு தொட்டி காலியாக எவ்வளவு நேரமாகும் என்பது தொட்டியின் அளவையும் பொறுத்தது, குழாயின் அளவையும் பொறுத்தது இல்லையா? மலேரியா மருந்தான குளோரோகுயின் திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதன் கொள்ளளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 100 லிட்டருக்கும் மேல். அதனால்தான் வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிறது.

இது முடிந்ததும் ஃபெனிட்டாய்ன் கணக்கைப் போடுங்கள். வலிப்புக்கான இந்த மருந்தை மாற்றும் நொதி சிகிச்சை அளவிலேயே திணற ஆரம்பித்துவிடும். ஒருவரின் உடம்பால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 500 மில்லிகிராம் கையாள முடியும், கே.எம். மதிப்பு (நொதி பாதி வேகத்தில் வேலை செய்யும் ரத்த அளவு) லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 300 கொடுத்தால் நிலையான அளவு 4 × 300 ÷ (500 − 300), அதாவது 6. போதவில்லை, 10 முதல் 20 வரை வேண்டும். 400 ஆக்கினால் 16, சரியாக அமைந்துவிட்டது. இன்னும் 50 கூட்டினால் என்ன என்று 450 கொடுத்தால் 36. தள்ளாட்டமும் குழப்பமுமாக நோயாளி அவசரப் பிரிவுக்கு வருவார். எட்டில் ஒரு பங்கு கூட்டியதற்கு ரத்த அளவு இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கைக் கையால் போட்டவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

மூன்றாம் வேலை: ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு நாள் நில்லுங்கள்

நம் எக்செல் தாளில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒருவரின் கையிலிருந்து எடுத்த ரத்தம். இதைக் கண்ணால் பார்க்காமல் மாடலிங்கில், அதாவது தரவைக் கணிதச் சமன்பாடுகளில் பொருத்தும் வேலையில், உட்காரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பயோஈக்விவலென்ஸ் ஆய்வின் (இரு தயாரிப்புகள் ரத்தத்தில் ஒரே அளவு மருந்தைத் தருகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு) காலை நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? தன்னார்வலர்கள் முந்தைய இரவிலிருந்து பத்து மணி நேரம் சாப்பிடாமல் இருப்பார்கள். கையில் கேனுலா ஏற்றியாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே நொடியில் மருந்து கொடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டு வரிசையாகக் கொடுப்பார்கள், அப்போதுதான் ரத்தம் எடுக்கும் முறையும் வரிசையாக வரும். மாத்திரையோடு 240 மில்லிலிட்டர் தண்ணீர். விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தம் எடுக்கும் வேலை. ஊதா மூடிபோட்ட இ.டி.டி.ஏ. குழாய், சென்ட்ரிஃபியூஜ், பிளாஸ்மாவைப் பிரித்து லேபிள் ஒட்டிய சிறு குழாயில் மாற்றுதல், மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது நேரம். ஒருவரின் ரத்தநாளம் கிடைக்காமல் ஐந்து நிமிடம் தள்ளிப்போனால், 24ஆம் மணி மாதிரியில் அது ஒன்றும் செய்யாது. அரை மணி மாதிரியில், மருந்து விறுவிறுவென ஏறிக்கொண்டிருக்கும்போது, எண்ணே மாறிவிடும். அதனால்தான் அட்டவணையில் இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு உண்மையில் எடுத்த நேரத்தை எழுதச் சொல்கிறார்கள். தரவுக் கோப்பு கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது இந்த நேரப் பத்தியைத்தான். எல்லோருக்கும் எல்லா மாதிரியும் நொடி பிசகாமல் குறித்த நேரத்திலேயே எடுத்ததாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆய்வகத்தில், பிளாஸ்மாவிலுள்ள மருந்தை அளக்கும் எல்.சி.எம்.எஸ். கருவி முன்னும் சில நாள் உட்காருங்கள். அளவு தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளின் விடை 15 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், மிகக் குறைந்த அளவில் 20 வரை போகலாம். ஏற்கெனவே அளந்த நோயாளி மாதிரிகளில் ஒரு பகுதியை மறுபடி அளந்து, மூன்றில் இரண்டு பங்காவது 20 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். அமைப்பின், 2022இல் முடிவான எம்10 வழிகாட்டுதல் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது, பதிவிறக்கிப் படியுங்கள்.

ஜெனரிக் மருந்துகளைப் பற்றி ஒரு தவறான பேச்சு மருத்துவர்களிடையேகூட உலவுகிறது: '80 முதல் 125 விழுக்காடு வரை அனுமதி, ஆகவே 20 விழுக்காடு மருந்து குறைவாக இருக்கலாம்' என்று. நீங்கள் இதைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சீமேக்ஸுக்கும் (ரத்தத்தில் மருந்து எட்டும் உச்ச அளவு) ஏ.யூ.சி.க்கும் இரு தயாரிப்புகளின் விகிதத்தைக் கணக்கிட்டு, அதன் 90 விழுக்காடு நம்பக இடைவெளி முழுவதும் 80க்கும் 125க்கும் நடுவில் அடங்க வேண்டும் என்பதே விதி. இடைவெளியின் இரு முனைகளும் உள்ளே இருக்க வேண்டுமென்றால் சராசரி பெரும்பாலும் 100ஐ ஒட்டித்தான் இருந்தாக வேண்டும். லாக் கணக்கில் 0.8க்கு எதிர்ப்பக்கம் 1.25, அதனால்தான் 120 என்று வைக்கவில்லை.

அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர்களில் பலர் குடும்பச் செலவுக்காக வந்தவர்கள். 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன, நெறிமுறைக் குழு இருக்கிறது, ஒப்புதல் படிவம் இருக்கிறது. அதற்கு மேல் நம் பங்கும் ஒன்று உண்டு. மாதிரி எடுக்கும் நேரங்களைத் தீர்மானிப்பது பி.கே. விஞ்ஞானிதான். தேவையில்லாத ஒரு புள்ளியைச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு குழாய் ரத்தம் வீணாகிறது. தேவையான புள்ளியை விட்டால் ஆய்வே வீணாகி, எல்லோருடைய ரத்தமும் வீணாகிறது. அட்டவணை போடும்போது அந்தக் கட்டில்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வேலை: இப்போது மென்பொருள்

ஆர் மொழியில் தொடங்குங்கள், இலவசம். முன்பு கையால் போட்ட அதே ஐந்து புள்ளிகளை உள்ளே கொடுத்து அதே விடை வருகிறதா பாருங்கள். நிறுவனங்களில் ஃபீனிக்ஸ் வின்நான்லின் பரவலாக ஓடுகிறது. வேலையில் சேர்ந்தபின் சில வாரங்களில் பழகிவிடலாம், அதற்காகப் பணம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டாம். உடலியல் அடிப்படையிலான மாடலிங்குக்கு பி.கே.-சிம் இலவசமாகக் கிடைக்கிறது.

பாப்புலேஷன் பி.கே. என்பது தனி உலகம். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்த லூயிஸ் ஷைனர், ஒரு மருத்துவர். நோயாளிகளிடம் பதினைந்து முறை ரத்தம் எடுக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூன்று மாதிரிதான் கிடைக்கும், அதுவும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரத்தில். அந்தச் சிதறல் தரவை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே மாடலில் போட்டால் சராசரியையும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் ஒருசேரக் கணிக்கலாம் என்று 1977இல் அவர் குழு காட்டியது. புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் பீலோடு சேர்ந்து உருவாக்கிய நான்மெம் மென்பொருள் இன்றும் மருந்து நிறுவனங்களில் நடப்பில் உள்ளது. குழந்தைகள், கர்ப்பிணிகள், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் ஆகியோருக்கான அளவுகளை இன்று பேச முடிகிறதென்றால் இந்த முறைதான் காரணம். ஆர் தெரிந்தவர்கள் என்எல்மிக்ஸ்ஆர்2 தொகுப்பில் இதை இலவசமாகவே பழகலாம்.

மென்பொருள் தரும் வளைவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் உடனே அந்தப் புள்ளியைத் தூக்கி எறியாதீர்கள். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மதுவைக் கொடுத்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃபுரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. கருவிப் பிழை என்று தள்ளிவிடாமல் துருவிப் பார்த்ததால்தான், அந்தப் பழச்சாறு குடல் சுவரிலுள்ள சிப்3ஏ4 நொதியை முடக்குகிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. இன்று பல மருந்துகளின் தகவல் தாளில் அந்த எச்சரிக்கை இருக்கிறது.

எந்த வாசல் வழியாக வரலாம்

பி.ஃபார்ம் நான்கு ஆண்டு, பிறகு எம்.ஃபார்ம். இது நேரான பாதை. ஜிபாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தேர்ச்சியோடு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆறு ஆண்டு ஃபார்ம்.டி. படித்தவர்களுக்கு மருத்துவமனை வார்டு பழக்கம் இருப்பது பெரிய பலம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எம்.டி. பார்மகாலஜி, அதன் பிறகு டி.எம். கிளினிக்கல் பார்மகாலஜி என்று வரலாம். கணிதம், புள்ளியியல், வேதிப் பொறியியல் படித்தவர்களும் தயங்க வேண்டாம். மாடலிங்கில் அவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. உடலியங்கியலை மட்டும் உட்கார்ந்து படித்துவிட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி.

ஆங்கிலம் தடையாக இருக்குமோ என்று தமிழ்வழியில் படித்தவர்கள் கேட்கிறார்கள். பேச்சு பிறகு வரும். எழுத்துதான் முக்கியம், ஏனென்றால் இந்த வேலையில் பாதி நேரம் அறிக்கை எழுதுவதிலேயே போகிறது. வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, முடிவுரையை மூடிவைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் பார்த்து நீங்களே அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

வேலை எங்கே, எப்படி

மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வகங்களில் பி.கே. விஞ்ஞானியின் நாள் எலிகளின் தரவோடு தொடங்கும். வேதியியலாளர்கள் புதுப்புது மூலக்கூறுகளைக் கொண்டுவருவார்கள். எது வாய்வழியாக ரத்தத்தில் சேர்கிறது, எது கல்லீரலில் முதல் சுற்றிலேயே காணாமல் போகிறது என்று நாம் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மனிதச் சோதனையில் கைவிடப்பட்ட மருந்துகளில் சுமார் 40 விழுக்காடு பி.கே. கோளாறால் விழுந்தவை. பத்து ஆண்டுகளில் அது 10 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. முன்கூட்டியே இப்படிச் சலித்து எடுத்ததுதான் அதற்குக் காரணம்.

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் நகரங்களில் இருக்கும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் புதியவர்களுக்கு இடம் எளிதாகக் கிடைக்கும். பயோஈக்விவலென்ஸ் வேலை சில மாதங்களில் ஒரே மாதிரி தோன்றும். இருந்தாலும் இரண்டு ஆண்டு அங்கே இருங்கள். தரவு எப்படிப் பிறக்கிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. தேதி மாற்றி எழுதச் சொல்வது, பொருந்தாத முடிவை ஒளித்துவைக்கச் சொல்வது மாதிரி ஏதாவது நடந்தால் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மருத்துவமனைப் பக்கம் போனால் நோயாளியே உங்கள் முன்னால் இருப்பார். வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் புசல்ஃபான் மருந்தின் ரத்த அளவுகளை தலசீமியா குழந்தைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் மருந்து மாற்றும் நொதிகளின் மரபணு வேறுபாடுகளைத் தென்னிந்திய மக்களிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். சேத்துப்பட்டு நிறுவனத்தில் காசநோய் மருந்துகளின் ரத்த அளவு ஆய்வு இன்றும் தொடர்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஆறு மாத ப்ராஜெக்ட் கிடைத்தால் சம்பளம் பார்க்காமல் போகலாம்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களைவிட அதிகம் பேசப்போவது நீங்கள் சொந்தமாகச் செய்த ஒரு பகுப்பாய்வு. ஆர் மென்பொருளோடு 'தியோஃப்' என்ற தரவு வருகிறது: பன்னிரண்டு பேருக்கு வாய்வழியாகத் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தைக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் 25 மணி நேரத்துக்குள் எடுத்த பதினோரு மாதிரிகள். அதைப் பகுப்பாய்ந்து இரண்டு பக்க அறிக்கை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எதிரே இருப்பவர் பெரும்பாலும் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: "ஐந்தாவது ஆளின் கிளியரன்ஸ் ஏன் இப்படி வந்தது, வால் பகுதிக்கு எந்தப் புள்ளிகளை எடுத்தீர்கள்?" அதற்கு வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி, எடுத்த புள்ளிகளையும் விட்ட புள்ளிகளையும் விரல் வைத்துக் காட்டி, காரணம் சொல்லுங்கள்.